அச்சுக்கோப்பாளரும் கணினியும்

பத்திரிகையின் சரித்திரத்தை எழுதுவோர் பெரும்பாலும் ஆசிரியர்களைப் பற்றியும் முதலாளிகளைப் பற்றியுமே எழுதுவர். யார் எந்தத் தலையங்கத்தை எழுதினார், அதனால் எந்த மந்திரிசபை ஆட்டங்கண்டது என்பனவெல்லாம் அங்கு விரிவாகக் கூறப்படும். எழுத்தெழுத்தாக எடுத்துக் கோத்து அத்தலையங்கத்துக்கு உருவங் கொடுத்த தொழிலாளியைப் பற்றி ஒரு வரியேனுங் காண்பது அரிது. ஆயினும், செய்தித்துறையில் ஏற்பட்ட மாற்றங்கள் யாவும் முதன்முதலில் அவனது கைகளிலேயே உணரப்பட்டன.

இன்று கணினியும் மென்பொருளும் செய்தித்துறையைத் தலைகீழாக மாற்றிவிட்டன என்று யாவரும் பேசுகின்றனர். ஆசிரியர் ஓய்வறையிலும் மாணவர் விடுதியிலும் இப்பேச்சைக் கேட்கலாம். புதிய கருவி வந்தது, பழைய பத்திரிகை வீழ்ந்தது, இது காலத்தின் நியதி என்பதோடு பேச்சு முற்றுப்பெற்றுவிடுகின்றது. ஒன்றைக் காலத்தின் நியதி என்று கூறிவிட்டால் அதற்கு எவரும் பொறுப்பாளி அல்லர் என்றாகிவிடும். இலாபம் பெற்றவர் யார், இழந்தவர் யார் என்ற வினாவும் எழாது போகும்.

ஆகவே, இலண்டன் மாநகரில் வெளிவந்த இரண்டு பத்திரிகைகளின் கதையை இங்கு சற்று ஆராய்வது பயனுடையதாகும். ஒன்று, ஆளும் வர்க்கத்தின் குரலாக நெடுங்காலம் விளங்கிய 'ரைம்ஸ்'. மற்றையது, அச்சுக்கோப்பாளரின் வேலைநிறுத்தத்திலே பிறந்த 'டெய்லி ஹெரால்ட்'. வெவ்வேறு திசைகளிற் புறப்பட்ட இவ்விரண்டின் பாதைகளும் 1986ஆம் ஆண்டில் ஒரே தொழிற்சாலையின் வாயிலில் வந்து முடிந்தன.

இரவில் வந்த யந்திரம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரைம்ஸ் கையச்சுப் பொறிகளிலேயே அச்சிடப்பட்டது. ஒரு பொறியில் மணிக்கு ஏறத்தாழ 250 தாள்களை ஒரு பக்கம் அச்சிடலாம். ஜேர்மனியரான பிரெடரிக் கேனிக் என்பவர், தம் நாட்டவரான அந்திரேயஸ் பவரின் துணையுடன், நீராவியால் இயங்கும் உருளை அச்சியந்திரத்தை உருவாக்கினார். அது மணிக்கு 1,100 தாள்களை அச்சிட்டது. ரைம்ஸின் உரிமையாளரான இரண்டாம் ஜோன் வால்ட்டர் அவ்யந்திரத்தை வாங்கி, அச்சகத்துக்கு அயலிலிருந்த வேறொரு கட்டடத்தில் இரகசியமாக அமைத்தார்.

அவர் அஞ்சியதற்குக் காரணம் உண்டு. 1811 முதல் இங்கிலாந்தின் நெசவு மாவட்டங்களில் லடைற்றுகள் எனப்பட்ட தொழிலாளர் தம் பிழைப்பைப் பறித்த யந்திரங்களை உடைத்து வந்தனர். 1812இல் யந்திரம் உடைப்போருக்கு மரணதண்டனை விதிக்குஞ் சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. ஒரு தறியின் விலை ஒரு மனித உயிரின் விலையிலும் மேலானதென்று சட்டமே கூறிய காலம் அது.

1814 நவம்பர் 28ஆம் திகதி இரவு, வெளிநாட்டுச் செய்தி வரவேண்டியிருக்கிறது, காத்திருங்கள் என்று கையச்சுத் தொழிலாளரிடம் கூறப்பட்டது. அவர்கள் காத்திருந்தனர். விடியும் வேளையில் வால்ட்டர் உள்ளே வந்து, அன்றைய பத்திரிகை ஏற்கெனவே நீராவியால் அச்சிடப்பட்டுவிட்டதென அறிவித்தார் என்பர். கலகஞ் செய்தால் அடக்குவதற்கு ஆட்கள் ஆயத்தமாயிருப்பதாகவும், அமைதி காத்தால் ஒவ்வொருவருக்கும் ஒத்த வேலை கிடைக்கும்வரை கூலி வழங்கப்படும் என்றும் அவர் கூறினாராம்.

இச்சம்பவத்தில் நாம் கவனிக்கவேண்டியவை இரண்டு. யந்திரம் நல்ல யந்திரம். அதனால் அச்சு விரைந்தது, பத்திரிகை பெருகியது, வாசிப்போர் தொகையும் காலப்போக்கில் உயர்ந்தது. இதனை மறுப்பது சரித்திர உணர்வாகாது. ஆனால் அதன் வருகையைப் பற்றித் தீர்மானித்தவர் ஒருவரே. அதனோடு வாழவேண்டியவர்கள் விடியும்வரை இருளில் வைக்கப்பட்டனர். வழங்கப்பட்ட கூலியும் உரிமையன்று, கருணையே.

ஈயம் உருகிய காலம்

அச்சிடும் வேகம் இவ்வாறு வளர்ந்தபோதும் அச்சுக்கோக்கும் வேலை மட்டும் நெடுங்காலம் மாறவில்லை. கேனிக்கின் யந்திரம் வந்து எழுபது ஆண்டுகளின் பின்னரும், அறைகள் கொண்ட பெட்டியிலிருந்து ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கியே தொழிலாளி வரிகளை அமைத்தான். 1886 ஜூலையில், 'நியூயோர்க் ரிபியூன்' அச்சகத்தில் ஒற்மார் மேர்கென்தாலர் அமைத்த லைனோரைப் யந்திரம் இயங்கத் தொடங்கியபோதே இந்நிலை மாறியது. அதன் விசையை அழுத்தினால் அவ்வெழுத்தின் பித்தளை அச்சு கீழிறங்கும். வரி நிறைந்ததும் உருகிய ஈயக்கலவை பாய்ந்து, முழு வரியும் ஒரே வார்ப்பாக வெளிவரும். பித்தளை அச்சுக்கள் தாமாகவே மீண்டும் தத்தம் இடத்தை அடையும். ஒருவர் அமர்ந்து பலரின் வேலையைச் செய்யலாம்.

அச்சுக்கோப்பாளர் அழிந்தொழிவர் என்றே பலரும் எண்ணினர். அவ்வாறு நிகழவில்லை. அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் அவர்களது சங்கங்கள் யந்திரத்தை உடைக்கவுமில்லை, அதற்கு அடிபணியவுமில்லை. யந்திரம் வரட்டும், ஆனால் அதில் அமர்பவர் பயிற்சிபெற்ற அச்சுக்கோப்பாளராய் இருக்கவேண்டும், அவருக்குரிய கூலி பேசித் தீர்க்கப்படவேண்டும் என்பதே அவற்றின் நிலை. பத்திரிகைகளின் பக்கங்களும் பிரதிகளும் பெருகியமையால் வேலையும் பெருகியது. லடைற்றுகளின் காலத்துக்கும் இக்காலத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு யந்திரத்தில் இல்லை; தொழிலாளர் ஒன்றுபட்டு நின்றமையிலேயே உள்ளது.

யந்திரம் மிச்சப்படுத்திய நேரம் யாருக்கு உரியது என்ற வினா இதன் அடுத்தபடியாக எழுந்தது. வேலை நேரம் குறையவேண்டும் என்று தொழிலாளர் கேட்டனர். வாரத்துக்கு 48 மணி நேர வேலை கோரி இலண்டன் அச்சுக்கோப்பாளர் சங்கம் 1910ஆம் ஆண்டின் இறுதியிற் போராட்டத்தில் இறங்கியது. முதலாளிகளின் பத்திரிகைகளில் தம் நியாயம் வெளிவராதென அறிந்த அவர்கள், தம் கையாலேயே ஒரு நாளிதழை வெளியிட்டனர். 1911 ஜனவரி 25ஆம் திகதி முதல் அதன் பெயர் டெய்லி ஹெரால்ட் என்றாயிற்று. நாளொன்றுக்கு 25,000 பிரதிகள் வரை அது விற்பனையானது. பிறர் சிந்தனைகளையே நூற்றாண்டுகளாகக் கோத்து வந்த கைகள் தம் சிந்தனையைத் தாமே கோத்த நாட்கள் அவை.

விளம்பரத்தின் தீர்ப்பு

அவ்வேலைநிறுத்தம் 1911 ஏப்ரிலில் முடிந்தது, பத்திரிகையும் நின்றது. ஆயினும் அதன் எண்ணம் மடியவில்லை. மறு ஆண்டு ஏப்ரிலில், பென் ரில்லற், ஜோர்ஜ் லான்ஸ்பெரி முதலிய தொழிலாளர் தலைவர்கள் வெறும் 300 பவுண் முதலுடன் அதனை மீண்டும் தொடங்கினர். 1922இல் தொழிற்சங்க காங்கிரஸ் அதன் பொறுப்பை ஏற்றது. நாளிதழொன்றை நடத்தப் பெருமுதல் வேண்டியிருந்தமையால், 1929இல் ஓடம்ஸ் என்ற அச்சுக் கம்பனிக்கு 51 வீதப் பங்கு வழங்கப்பட்டது. 49 வீதம் தொழிற்சங்கங்களிடம் எஞ்சியது. 1933இல் டெய்லி ஹெரால்ட் நாளொன்றுக்கு 20 இலட்சம் பிரதிகளை விற்றது. அத்தொகையை எட்டிய முதல் நாளிதழ் அதுவே.

அத்தகைய பத்திரிகை 1964 செப்டெம்பரில் மூடப்பட்டது. வாசகர் இல்லாமையால் அது மூடப்பட்டதெனக் கருதுவது தவறாகும். இறுதிக்காலத்திலும் அதன் விற்பனை பத்து இலட்சத்துக்கு மேற்பட்டிருந்தது. ரைம்ஸின் விற்பனை அதனிலும் மிகக் குறைவு. ஆனால் ரைம்ஸை வாசிப்போர் மோட்டார் வண்டியும் பங்குப் பத்திரமும் வாங்க வல்லவர்கள். ஹெரால்ட்டை வாசித்தோர் வயதேறிய தொழிலாளர்கள். விளம்பரகாரர் வாசகர்களின் தலையை எண்ணுவதில்லை. அவர்களது பணப்பையையே எண்ணுவர்.

இவ்விடத்திற் பின்னோக்கி ஒன்றைக் குறிப்பிடுதல் பொருத்தமாகும். 1815இல் பிரித்தானிய அரசாங்கம் ஒவ்வொரு பத்திரிகைப் பிரதிக்கும் நான்கு பென்ஸ் முத்திரை வரி விதித்திருந்தது. ஏழைகள் பத்திரிகை வாசியாதிருக்கவேண்டும் என்பதே அதன் உட்கருத்து. ஹென்றி ஹெதரிங்ரன் போன்றோர் 1831 முதல் முத்திரையின்றியே ஒரு பென்ஸ் பத்திரிகையை வெளியிட்டுச் சிறை சென்றனர். அதனைத் தெருவில் விற்ற நூற்றுக்கணக்கான ஏழைகளும் சிறைப்பட்டனர். 1836இல் வரி ஒரு பென்ஸாகக் குறைந்து, 1855இல் ஒழிந்தது. அறிவின்மீது விதித்த வரி நீங்கியது என்று யாவரும் மகிழ்ந்தனர். ஆனால் வரி போன இடத்தில் விளம்பரம் வந்து அமர்ந்தது. விலை குறைந்த பத்திரிகையின் உண்மைச் செலவை விளம்பரகாரரே கொடுத்தனர். முத்திரை வரியாலும் சிறையாலும் அடக்க இயலாத தொழிலாளர் குரலை விளம்பரகாரரின் மௌனம் அடக்கிற்று.

ஹெரால்ட்டின் இடத்தில் மறுநாளே 'சன்' என்ற பெயரில் வேறொரு பத்திரிகை வந்தது. 1969இல் அதனை அவுஸ்திரேலியரான ரூபேர்ட் மேர்டொக் வாங்கிப் பரபரப்புப் பத்திரிகையாக மாற்றினார். 1981இல் ரைம்ஸும் அவர் வசமாயிற்று. ஆக, அச்சுக்கோப்பாளரின் பத்திரிகையும் வால்ட்டரின் பத்திரிகையும் ஒரே கூரையின்கீழ் வந்து சேர்ந்தன.

இரு நகரங்களில் ஒரே கணினி

இதற்குள் கணினி அச்சகத்தின் வாயிலுக்கு வந்துவிட்டது. துளையிட்ட நாடாவினால் லைனோரைப்பை இயக்கும் முறை முதலில் வந்தது. பின்னர், ஈயமே வேண்டாத ஒளியச்சுக்கோப்பும், செய்தியாளர் தாமே விசைப்பலகையில் எழுதுவதை நேரே பக்கமாக அமைக்கும் மென்பொருளும் வந்தன. இம்மாற்றத்தை நியூயோர்க்கும் இலண்டனும் எதிர்கொண்ட விதங்களை ஒப்புநோக்கினால் நம் பொருள் தெளிவாகும்.

நியூயோர்க்கில் 1962 டிசெம்பர் 8 முதல் 114 நாட்கள் அச்சுக்கோப்பாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். அவர்களின் தலைவர் பேர்ட்ரம் பவர்ஸ். கூலியும் வேலை நேரமும் அன்றிப் புதிய யந்திரங்களின் நன்மையிற் பங்கும் அவர்கள் கோரிக்கையாயிருந்தது. அப்போராட்டத்தால் நகரின் பத்திரிகைகள் பல நலிந்தன என்பதும் உண்மை. அடுத்த சில ஆண்டுகளில் அவற்றுட் சில இணைந்தும் மறைந்தும் போயின. ஆயினும் 1974இல் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. முதலாளிகள் தானியங்கி முறைகளை விரும்பியவாறு புகுத்தலாம். பதிலாக, நிரந்தரமாகப் பணியாற்றிய அச்சுக்கோப்பாளருக்கு ஆயுட்கால வேலை உத்தரவாதம் அளிக்கப்பட்டது. 1978 ஜூலை மாதத் தொடக்கத்தில் ஓரிரவு, 'நியூயோர்க் ரைம்ஸ்' கடைசி முறையாக ஈயத்தில் அச்சுக்கோக்கப்பட்டது. அத்தொழில் மறைந்தது, தொழிலாளி தெருவுக்கு வரவில்லை.

இலண்டனில் நிகழ்ந்தது வேறு. கிழக்கு இலண்டனின் துறைமுகப் பகுதியான வொப்பிங்கில் மேர்டொக்கின் கம்பனி ஒரு பெரிய அச்சகத்தை எழுப்பியது. 'இலண்டன் போஸ்ற்' என்ற புதிய மாலைப் பத்திரிகைக்கே அது ஆயத்தமாகின்றது எனக் கூறப்பட்டது. அப்பத்திரிகை ஒருநாளும் வெளிவரவில்லை. 1986 ஜனவரி 24ஆம் திகதி, பேச்சுவார்த்தை முறிந்து அச்சுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கியதும், ஏறத்தாழ 5,500 பேர் வேலைநீக்கஞ் செய்யப்பட்டனர். ரைம்ஸ், சண்டே ரைம்ஸ், சன், நியூஸ் ஒவ் த வேர்ல்ட் ஆகிய நான்கும் கணினியின் துணையோடு வொப்பிங்கிலிருந்து வெளிவந்தன. முள்வேலிக்கு உள்ளே யந்திரம் ஓடியது. வெளியே ஓராண்டுக்கு மேலாகத் தொழிலாளர் நின்றனர். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கைதாயினர். சங்கமொன்றின் நிதியை நீதிமன்றம் முடக்கியது. 1987 பெப்ரவரியில் போராட்டம் தோல்வியில் முடிந்தது.

திகதிகளைச் சற்று நோக்குவோம். 1911 ஜனவரி 25இல் ஹெரால்ட் பிறந்தது. எழுபத்தைந்து ஆண்டுகள் நிறைவதற்கு ஒருநாள் முன்பு, அதன் வாரிசாக வந்த பத்திரிகை, அதனைப் பெற்றெடுத்த தொழிலின் மக்களை வெளியே தள்ளியது. ரைம்ஸோ, 1814இல் செய்ததையே மீண்டுஞ் செய்தது: வேறொரு கட்டடம், இரகசியமான யந்திரம், விடிந்தபின் ஓர் அறிவிப்பு. வால்ட்டர் கொடுத்த கூலி வாக்குறுதி மட்டும் இம்முறை இல்லை.

தோல்வியின் உட்காரணங்கள்

முதலாளியின் தந்திரத்தையும் பொலிசாரின் பலத்தையும் மட்டுங் கூறித் தோல்வியை விளக்கிவிடுதல் நேர்மையாகாது. அச்சுக்கோப்பாளர் சங்கங்கள் தம் கோட்டையைச் சுற்றித் தாமே மதில் எழுப்பியிருந்தன. அம்மதிலுக்கு வெளியே பெண்கள் நின்றனர். எடின்பரோ நகரில் பெண்கள் பலர் அச்சுக்கோப்பில் தேர்ச்சி பெற்றிருந்தும், அங்கு புதிதாகப் பெண்களைப் பயிற்சிக்குச் சேர்ப்பது 1910இல் ஆண்களின் சங்கம் கொடுத்த நெருக்குதலால் நிறுத்தப்பட்டது. குறைந்த கூலிக்குப் பெண்களை அமர்த்தி முதலாளிகள் கூலியைத் தாழ்த்தினர் என்பது உண்மையே. ஆனால் அதற்கு மாற்று, சம கூலிக்காகப் பெண்களோடு சேர்ந்து போராடுவதேயன்றி அவர்களை வெளியேற்றுவதன்று. விசைப்பலகை தட்டெழுத்துப் பலகையாக மாறியபோது, ஆண்களின் கைத்திறமை என்று காக்கப்பட்டது ஒரே இரவிற் பொருளற்றுப் போயிற்று.

மின்தொழிலாளர் சங்கத்தின் உதவியோடுதான் வொப்பிங்கிற் புதிய ஆட்கள் சேர்க்கப்பட்டனர் என்பதும், செய்தியாளரிற் பெரும்பாலோர் 2,000 பவுண் சம்பள உயர்வை ஏற்று உள்ளே சென்றனர் என்பதும் மறக்கத்தக்கவையல்ல. செல்ல மறுத்து வேலையிழந்த செய்தியாளர் சிலரும் இருந்தனர். அவர்களது பெயர்கள் பத்திரிகைச் சரித்திரங்களில் அதிகம் இடம்பெறுவதில்லை. அச்சுக்கோப்பாளனின் துன்பம் தன் துன்பமன்று என்று எழுதுகோல் பிடித்தவன் அன்று கருதினான்.

செலவு குறைந்தமையால் நூறு பூக்கள் மலரும் என அன்று கூறப்பட்டது. 'இன்டிபென்டென்ற்' 1986 ஒக்டோபரில் தோன்றியது. 2016இல் அதன் அச்சுப்பதிப்பு நின்றது. இடதுசாரிகளின் 'நியூஸ் ஒன் சண்டே' 1987 ஏப்ரிலிற் பிறந்து அவ்வாண்டு நவம்பரிலேயே மறைந்தது. அச்சுச் செலவு மட்டும் குறைந்தாற் போதாது. விளம்பரத்தின் ஆட்சியும் விநியோகத்தின் ஆட்சியும் யாரிடம் உள்ளன என்பதே முக்கியமாகும்.

எழுதுகோலின் முறை

1993 ஏப்ரில் 30ஆம் திகதி, ஜெனீவாவுக்கு அண்மையிலுள்ள சேர்ன் ஆராய்ச்சி நிலையம், ரிம் பேர்ணர்ஸ் லீ அங்கு உருவாக்கிய உலகளாவிய வலையின் மென்பொருளை எவருங் கட்டணமின்றிப் பயன்படுத்தலாமென அறிவித்தது. மனித குலத்துக்குக் கிடைத்த பெருங்கொடை அது. அச்சகமோ ஈயமோ முத்திரையோ இன்றி யாரும் தம் கருத்தை வெளியிடலாம் என்ற நிலை உண்டாயிற்று. ஹெதரிங்ரன் கனவுகண்டது இதுவே எனலாம்.

ஆனால் பாதை பொதுவாயிருப்பினும், அதன் சந்திகளிற் சுங்கச் சாவடிகள் எழுந்தன. தேடித் தருவதும் தெரிந்து காட்டுவதும் கூகிள், பேஸ்புக் போன்ற சில கம்பனிகளின் மென்பொருளுக்கு உரியவையாயின. விளம்பரமும் அங்கேயே பெயர்ந்தது. அமெரிக்கப் பத்திரிகைகளின் விளம்பர வருமானம் 2005இல் ஏறத்தாழ 4,900 கோடி டொலர். 2020இல் அது 1,000 கோடிக்குங் குறைவு. அந்நாட்டுப் பத்திரிகைச் செய்தியறைகளில் 2008இல் 71,000 பேர் பணியாற்றினர். 2020இல் 31,000 பேரே எஞ்சினர். அச்சுக்கோப்பாளனுக்கு வந்தது செய்தியாளனுக்கும் வந்தது. 2023 ஆகஸ்டில், பத்திரிகைகளுக்குப் பணஞ் செலுத்தக் கோரிய கனடாவின் சட்டத்தை எதிர்த்து, பேஸ்புக்கை நடத்தும் மெற்றா கம்பனி அந்நாட்டு வாசகரின் பார்வையிலிருந்து செய்திகளை அகற்றத் தொடங்கியது. ஒரு நாட்டின் பாராளுமன்றத்துக்கு ஒரு கம்பனி கதவடைப்புச் செய்தது. அவ்வாண்டு டிசெம்பரில் நியூயோர்க் ரைம்ஸ், தன் கட்டுரைகளை அனுமதியின்றி எடுத்துச் செயற்கை அறிவு யந்திரங்களைப் பயிற்றியதாக ஓப்பின் ஏஐ, மைக்ரோசொஃப்ற் ஆகிய கம்பனிகள்மீது வழக்குத் தொடுத்தது. பிறர் கோத்த எழுத்து யாருக்குச் சொந்தம் என்ற பழைய வினா புதிய நீதிமன்றத்தில் எழுந்துள்ளது.

மென்பொருள் தனியாரின் கைப்பொருளாகவே இருக்கவேண்டும் என்பது இயற்கையின் விதியன்று. அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் றிச்சட் ஸ்ரோல்மன் என்பவர், அடிக்கடி தாள் சிக்கிக்கொண்ட ஓர் அச்சுப்பொறியின் மென்பொருளைத் திருத்த விரும்பினார். அதன் மூலவரிகள் அவருக்கு மறுக்கப்பட்டன. இத்தகைய அநுபவங்களின் விளைவாக 1983இல் அவர் சுதந்திர மென்பொருள் இயக்கத்துக்கு அடியிட்டார். யாரும் வாசிக்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்னும் அம்முறையில் உருவான மென்பொருள்கள் உலகின் கணினிகள் பலவற்றை இன்று இயக்குகின்றன. கூட்டுழைப்பின் ஆற்றலுக்கு அது சான்று.

ஆகவே, நம் மாணவர்களுக்கு நாம் கற்பிக்கவேண்டியது யந்திரத்தின்மீது பகையையுமன்று, பக்தியையுமன்று. ஒரு செய்தி கைத்தொலைபேசியில் வந்து சேரும்போது, இதனை எழுதியவர் யார், அவருக்குக் கூலி கொடுத்தவர் யார், ஆயிரம் செய்திகளுள் இதனை எனக்கெனத் தெரிந்தது எவருடைய மென்பொருள், அத்தெரிவினால் யாருக்கு இலாபம் என்று கேட்கும் பழக்கத்தையே கற்பிக்கவேண்டும். இவ்வினாக்களைத் தனியே கேட்டாற் பயன் சிறிது. அச்சுக்கோப்பாளன் வீழ்ந்தபோது செய்தியாளன் வாளாவிருந்தான். செய்தியாளன் வீழும்போது வாசகன் வாளாவிருந்தால், அடுத்து இழக்கப்படுவது வாசகனின் அறியும் உரிமையேயாகும். நியூயோர்க்கில் ஒரு தொழில் மனிதரை அழிக்காது மறைந்தது. வொப்பிங்கில் அதே தொழில் மனிதரோடு சேர்த்து அழிக்கப்பட்டது. இரு நகரங்களிலும் கணினி ஒன்றுதான். மனிதர் நின்ற நிலையே வேறு.